கொக்கியும் கூந்தலும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஸ்கிரன்ச்சி (முடி கட்டும் கொசுவம் வைத்த எலாஸ்டிக் வளையம்) ஒன்றைக் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், பின்னுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ரப்பர் பேண்டைச் சுற்றி ஒரு சுற்று சிங்கிள் குரோஷே (குட்டையான கண்ணி), அதன் மேல் ஒரு சுற்று டபுள் குரோஷே (உயரமான கண்ணி), அவ்வளவுதான் என்று முடித்திருந்தேன். அந்த "அவ்வளவுதான்" இருக்கிறதே, அதுதான் வம்பை இழுத்துவிட்டது. வந்த கடிதங்களில் பாதி "உங்களுக்கு அவ்வளவுதான், எங்களுக்கு?" என்ற ரகம். நியாயம்தான். முப்பது வருடமாகக் கொக்கி ஊசியைக் கையில் வைத்திருப்பவள், முதல் நாள் கை எப்படி முரண்டு பிடிக்கும் என்பதை மறந்துவிட்டேன். இந்த முறை நிதானமாகவே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: இதுவரை குரோஷே ஊசியைத் தொட்டதே இல்லை. எந்த நம்பர் ஊசி, எந்த நூல்? கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது.

பதில்: 4 மி.மீ. ஊசி ஒன்றே ஒன்று போதும். செட்டாக வாங்காதீர்கள். பன்னிரண்டு ஊசி உள்ள பெட்டியை வாங்கியவர்கள் எல்லோரும் அதில் இரண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள், நானும்தான். ஊசியின் நடுவில் கட்டை விரல் அமரும் தட்டையான இடத்தில் அளவு பொறித்திருக்கும். சிலவற்றில் மி.மீ. இருக்கும், சிலவற்றில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். மி.மீ. அளவை மட்டும் நம்புங்கள். லேஸ் பின்னுகிற மெல்லிய எஃகு ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலிந்துகொண்டே போகும், சாதாரண ஊசியில் நேர் எதிர். இந்தக் குழப்பத்தில் விழுந்து எழுந்தவள் சொல்கிறேன்.

நூலுக்கு வருவோம். நாம் எல்லாவற்றையும் "உல்லன் நூல்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் கம்பளி ஒரு இழைகூட இல்லாமல் இருக்கலாம். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் அக்ரிலிக் என்று இருக்கும். அக்ரிலிக் லேசானது, துவைத்தால் சீக்கிரம் காயும், தாராளமாக வாங்கிப் பழகலாம். ஆனால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, சூட்டில் உருகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். வறண்ட நாட்களில் முடியோடு உரசி நிலைமின்சாரம் வேறு கிளப்பும், தலைமுடி பறந்து பறந்து நிற்கும்.

தலையில் வைக்கும் சாமானுக்கு என் ஓட்டு பருத்தி நூலுக்கு. அதிலும் பளபளப்பில்லாத சாதாரணப் பருத்தி. பளபளப்பான ரகத்துக்கு மெர்சரைஸ்டு என்று பெயர். 1844-ல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்ததில் தொடங்கிய கதை அது. அந்த நூல் உறுதியானது, சாயம் நன்றாகப் பிடிக்கும், பூ பின்னினால் பீங்கான் மாதிரி எடுப்பாக நிற்கும். ஆனால் வழுக்கும். முடிச்சும் நழுவும், முடியிலிருந்து கிளிப்பும் நழுவும். பத்து பூ பின்னிக் கை பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

முதல் பந்து வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறதென்றே தெரியாது, பகலிலேயே தெரியாது. பஞ்சு பஞ்சாக இருக்கும் வெல்வெட் நூலும் வேண்டாம். அதில் கண்ணியைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: புத்தகத்தைப் பார்த்துப் பின்னினால் ஒரு அளவு, வீடியோவைப் பார்த்துப் பின்னினால் வேறு அளவு. இரண்டிலும் "டபுள் குரோஷே" என்றுதான் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் சரி. அமெரிக்கர்கள் "சிங்கிள்" என்று சொல்வதைத்தான் பிரிட்டன்காரர்கள் "டபுள்" என்கிறார்கள். அமெரிக்க "டபுள்" பிரிட்டனில் "டிரெபிள்". பின்னத் தொடங்கும் முன் அந்தச் செய்முறையில் "சிங்கிள்" என்ற சொல் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே கிடையாது. நான் இங்கே எழுதுவதெல்லாம் அமெரிக்க முறைதான்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே ஸ்கிரன்ச்சி செய்தேன். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் இழுத்தால் நீளவே மாட்டேன் என்கிறது. முடியில் இரண்டு சுற்று வரவில்லை.

பதில்: இந்த ஒரு கேள்வி மட்டும் எத்தனை கடிதங்களில் வந்தது தெரியுமா? தப்பு என்னுடையது. "ரப்பர் பேண்டைச் சுற்றிப் பின்னுங்கள்" என்று எழுதிவிட்டு எத்தனை கண்ணி என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஸ்கிரன்ச்சியை வடிவமைத்து 1987-ல் காப்புரிமை வாங்கியவர் ராமி ரெவ்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. பைஜாமாவின் இடுப்புப் பகுதியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். பைஜாமா இடுப்பில் என்ன இருக்கிறது? உள்ளே சின்ன எலாஸ்டிக், வெளியே அதைவிட ரொம்ப நீளமான துணி. துணி அதிகமாக இருப்பதால் சுருங்கி நிற்கிறது, எலாஸ்டிக் விரியும்போது அதுவும் கூடவே விரிகிறது. துணியும் எலாஸ்டிக்கும் ஒரே அளவாக இருந்தால் இடுப்பில் ஏறவே ஏறாது. உங்கள் ஸ்கிரன்ச்சியில் நடந்திருப்பது அதுதான். முப்பது கண்ணி போட்டதும் பேண்ட் நிறைந்துவிட்டது போலத் தெரிந்திருக்கும், நிறுத்தியிருப்பீர்கள். குரோஷே கண்ணிக்கு நீளும் குணம் கொஞ்சம்தான். பேண்ட் விரிய நினைத்தாலும் நூல் விடாது.

செய்ய வேண்டியது இது. பேண்டை இடது கையில் பிடித்து முதல் சுற்றைப் போடும்போது பத்துக் கண்ணிக்கு ஒரு தடவை நிறுத்தி, பின்னியதை எல்லாம் விரலால் பின்னால் தள்ளுங்கள், திரைச்சீலையைக் கம்பியில் ஒதுக்குகிற மாதிரி. மறுபடி இடம் கிடைக்கும். சாதாரண அளவு பேண்டில் 50 கண்ணியாவது ஏற வேண்டும், 60 ஏறினால் இன்னும் நல்லது. சுற்றை மூடும் முன் இரண்டு கையாலும் பேண்டை நன்றாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் எவ்வளவு போகிறதோ அவ்வளவு தூரம் நூலும் போனால் சரி. போகவில்லையா, இன்னும் பத்துக் கண்ணி. அதற்கு மேல் ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று டபுள். 50 கண்ணி என்றால் 150 டபுள். மெல்லிய நூலில் 10 முதல் 15 மீட்டருக்குள் முடிந்துவிடும், அதனால் மிச்சம் மீதிப் பந்துகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

பேண்ட் வாங்கும்போது உலோகப் பூண் போட்டு இணைத்ததை வாங்காதீர்கள். அந்தப் பூண் நூலுக்குள் மறைந்திருந்தாலும் முடியைக் கவ்வும்.

கேள்வி: கிளிப்பில் வைக்க வட்டமாக ஒரு பூ பின்ன நினைத்தேன். முதல் தடவை கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. அடுத்த தடவை தாராளமாகக் கண்ணி சேர்த்தேன், அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துவிட்டது. தட்டையாகவே வராதா?

பதில்: வரும். சிங்கிளில் பின்னுகிறீர்கள் என்றால் ஒரே ஒரு எண்ணை மனதில் வையுங்கள்: ஆறு. முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்து 12, அப்புறம் 18, அப்புறம் 24. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாகப் படுத்திருக்கும். ஆறுக்குக் குறைந்தால் கிண்ணம், கூடினால் நெளிவு.

ஏன் ஆறு என்று எனக்குப் பல வருடம் தெரியாது. கணக்கு வாத்தியாரான என் அண்ணன்தான் ஒரு நாள் நான் பின்னுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். வட்டத்தின் ஆரம் ஓர் அளவு கூடினால் சுற்றளவு 2 பை (π) அளவு, அதாவது 6.28 கூடுமாம். சிங்கிள் கண்ணி ஏறக்குறைய சதுரம், எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம். ஒரு சுற்று ஏறினால் ஆரம் ஒரு கண்ணி கூடுகிறது, சுற்றளவு ஆறு கண்ணி சொச்சம் கூட வேண்டும். டபுள் கண்ணி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம் என்பதால் அதற்குப் பன்னிரண்டு: 12, 24, 36. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பையை நான் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

சரி, உங்கள் அப்பளத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்கிரன்ச்சியின் கொசுவம் எப்படி வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அதே தப்பை வேண்டுமென்றே செய்வதுதான், ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று மூன்றாக. 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை, இப்படிக் கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், ஹைபர்பாலிக் தளம் என்கிற வளைந்த வடிவத்தைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துபோயின, நூல் மாதிரி தாங்கியது. ஆக நீங்கள் செய்தது தவறு இல்லை, உயர் கணிதம். அதன் நடுவில் ஒரு பொத்தானைத் தைத்துக் கிளிப்பில் வைத்தால் சாமந்தி மாதிரி இருக்கும்.

கேள்வி: ரிப்பன் முடிச்சு வடிவத்தில் ஒரு "போ" பின்னுவதற்கு 20 சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்த தொடக்கக் கண்ணிகள்) போட்டேன். திரும்பிப் பின்னினால் 19 கண்ணிதான் வருகிறது. ஐந்து வரிசை போனதும் 15 ஆகிவிட்டது. பட்டை பல்லி வால் மாதிரி குறுகிக்கொண்டே போகிறது.

பதில்: பத்தொன்பது வருவது சரிதான். ஊசிக்குப் பக்கத்தில் உள்ள முதல் சங்கிலியை விட்டுவிட்டு இரண்டாவதில் குத்துகிறோம் அல்லவா, அந்த விட்ட ஒன்று வரிசையின் உயரத்துக்குப் போய்விடுகிறது. இருபது கண்ணி வேண்டுமென்றால் இருபத்தொன்று போடுங்கள்.

பதினைந்து ஆனதுதான் பிரச்சினை. வரிசைக்கு ஒன்று காணாமல் போகிறது, அதுவும் கடைசிக் கண்ணி. அது எப்போதும் சற்றுப் படுத்தபடி, ஓரத்தில் ஒளிந்துகொண்டு இருக்கும். வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுவோம். இதற்கு ஒரு ஊக்கு போதும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் போட்ட உடனே அதில் ஊக்கைக் குத்திவிடுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் கண்ணி வரை பின்னியே ஆக வேண்டும், அதுதான் கடைசி. கடையில் இதற்கென்றே வண்ண வண்ணமாக மார்க்கர் விற்கிறார்கள். ஊக்கு அதைவிடக் குறைந்ததில்லை.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். சத்தமாக எண்ணுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: குழந்தையின் கிளிப்பில் பூவைப் பசை துப்பாக்கியால் ஒட்டினேன். இரண்டே நாளில் பூ தனியே, கிளிப் தனியே. எந்தப் பசை நல்லது?

பதில்: எந்தப் பசையும் வேண்டாம். டிக் டாக் கிளிப் என்பது ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வளைகிற தகடு. வழவழப்பான தகடு வளைய வளைய, மேலே உறைந்த பசை மெல்ல மெல்ல உரிந்துவிடும். தைத்துவிடுங்கள். பூவின் அளவுக்கு ஒரு ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, நடுவில் இரண்டு கீறல் போட்டு, கிளிப்பின் மேல் தகட்டை அதில் நுழையுங்கள். பிறகு பூவை அந்தத் துணியின் மேல் வைத்து ஓரமாகச் சுற்றித் தைத்துவிட்டால் பிடுங்கினாலும் வராது. பல கிளிப்களின் முனையில் சின்ன ஓட்டை இருக்கும், அதன் வழியாகவும் இரண்டு தையல் கொடுங்கள்.

பூவே கழன்று போகிற கதை இன்னொன்று இருக்கிறது. என் தங்கை மகளுக்கு முதன்முதலாக ஐந்து இதழ் வைத்த மஞ்சள் பூ கிளிப் பின்னிக் கொடுத்தேன். பெருமையாக வைத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். வெறும் கிளிப், கூடவே சுருள் சுருளாக ஒரு மஞ்சள் நூல். "பெரியம்மா, பூ ஓடிப்போச்சு" என்றாள். அழவில்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்தது. நான் செய்திருந்தது என்னவென்றால், பின்னி முடித்ததும் நூலைப் பூவுக்கு ஒட்டக் கத்தரித்திருந்தேன். பார்க்க நேர்த்தியாக இருக்கட்டுமே என்று.

குரோஷேயில் எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதைப் பிடித்திருந்தால் மொத்தமும் நிற்கும். அது நழுவினால் வந்த வழியே எல்லாம் பிரியும். தப்பைப் பிரித்துச் சரிசெய்ய இது பெரிய வசதி, முடிக்கிற இடத்தில் பெரிய ஆபத்து. அதனால் கடைசியில் 15 செ.மீ. நூல் விட்டே வெட்டுங்கள். கடைசிக் கண்ணிக்குள் அந்த முனையை முழுவதுமாக இழுத்து இறுக்குங்கள். பிறகு முனை மழுங்கிய பெரிய கண் ஊசியில் அதைக் கோர்த்து, பூவின் பின்புறக் கண்ணிகளுக்குள் ஒரு பக்கமாக 4 செ.மீ. ஓட்டுங்கள். அப்புறம் ஒரு கண்ணியைத் தாண்டி, வந்த பக்கத்துக்கே திரும்ப ஓட்டுங்கள். அந்தத் திருப்பம்தான் பூட்டு. நடுவில் மேஜிக் ரிங் (இழுத்தால் சுருங்கும் நூல் வளையம்) போட்டு ஆரம்பித்திருந்தால் அதன் முனைக்கும் இதே வைத்தியம். இல்லையென்றால் நடு ஓட்டை நாளுக்கு நாள் வாயைப் பிளக்கும்.

கேள்வி: அந்த ஐந்து இதழ் பூவுக்கே செய்முறை சொல்லுங்களேன்.

பதில்: கேட்பீர்கள் என்று தெரியும். நான்கு சங்கிலி போட்டு, ஸ்லிப் ஸ்டிட்சால் (உயரம் ஏறாத இணைப்புக் கண்ணி) இணைத்து வளையம் ஆக்குங்கள். இனி ஒவ்வொரு இதழுக்கும்: 2 சங்கிலி, வளையத்துக்குள் 2 டபுள், மறுபடி 2 சங்கிலி, வளையத்துக்குள் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச். இதே ஐந்து முறை. சங்கிலிக்குள் குத்தாதீர்கள், வளையத்தின் ஓட்டைக்குள்ளேயே ஊசியை விட வேண்டும். மூன்றாவது இதழ் போடும்போது இடமே இல்லாத மாதிரி நெருக்கும். முன்னால் பின்னியவற்றை விரலால் தள்ளி ஒதுக்கினால் ஐந்தாவதும் உட்காரும். இதழ் பெரிதாக வேண்டுமென்றால் 2 டபுளுக்குப் பதில் 3 போடுங்கள். எனக்கு இரண்டுதான் பிடிக்கும், மொட்டு விரிகிற பக்குவத்தில் இருக்கும்.

கேள்வி: எனக்கு இடது கைப் பழக்கம். அம்மா வலது கைக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தும் எனக்கு வரவில்லை, அம்மா பொறுமை இழந்துவிட்டார். (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

பதில்: பக்கத்தில் உட்காராதே கண்ணு, எதிரே உட்கார். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அம்மாவின் வலது கை செய்வதை உன் இடது கை செய்யட்டும். அம்மா வலமிருந்து இடமாகப் பின்னுவார், நீ இடமிருந்து வலமாகப் பின்னுவாய். கண்ணி ஒன்றுதான், பூவும் ஒன்றுதான். படம் போட்ட வரைபடத்தைப் பார்த்துப் பின்னும்போது மட்டும் திசையை மாற்றிப் படிக்க வேண்டும். வீடியோ என்றால் படத்தை இடவலம் திருப்பிக் காட்டும் வசதி சில செயலிகளில் உண்டு. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல், ஊசியை இடது கைக்கு மாற்றி அவரே ஐந்து நிமிடம் பின்னிப் பார்க்கட்டும். பொறுமை தானாக வரும்.

கேள்வி: மகளுக்கு முடி மெல்லியது. என்ன கிளிப் போட்டாலும் பத்து நிமிடத்தில் நழுவிக் கீழே விழுகிறது. மனைவி வெளியூரில் வேலை, தலை வாரிவிடுவது நான். பின்னவும் நானே கற்றுக்கொண்டிருக்கிறேன், விரல் பெரியது என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: கிண்டலை விடுங்கள். விரல் பெரியது என்றால் 5 மி.மீ. ஊசியும் அதற்கேற்ற தடித்த நூலும் எடுங்கள், பிடி சுலபமாகும். கத்தியைப் பிடிக்கிற மாதிரி ஊசியைப் பிடித்துப் பாருங்கள், பென்சில் பிடியைவிட மணிக்கட்டுக்கு ஓய்வு.

மெல்லிய முடிக்கு எடைதான் எதிரி. பெரிய பூ, அதில் பொத்தான், அதில் மணி என்று ஏற்றிக்கொண்டே போனால் கிளிப் இழுபட்டு இறங்கத்தான் செய்யும். மூன்று செ.மீ. அகலத்துக்கு மேல் போகாதீர்கள், ஒரே அடுக்கு போதும். அப்புறம் கிளிப்பின் கீழ்த் தகட்டில், முடியைத் தொடும் பக்கத்தில், அதே பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றி ஒரு உறை மாதிரி செய்துவிடுங்கள். வெறும் தகடு வழுக்கும், நூல் கவ்வும். பூவை வைக்கும் முன் பின்னாத வெறும் கிளிப்பை இப்படிச் சுற்றி அவள் தலையில் வைத்து, அரை மணி நேரம் ஓடி ஆடச் சொல்லிப் பாருங்கள். அது நின்றால் பூவும் நிற்கும்.

கேள்வி: ஹெட்பேண்ட் பின்னினால் ஒன்று நெற்றியை அழுத்துகிறது, இல்லை கழுத்துக்கு இறங்குகிறது. தலைக்கு அளவெடுப்பது எப்படி?

பதில்: காதுக்குப் பின்னால், நெற்றிக்கு மேலாக டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 57 செ.மீ. வரும். அதில் 5 செ.மீ. கழித்துப் பின்னுங்கள். பின்னியது கொஞ்சம் இழுபட்டு உட்கார்ந்தால்தான் நிற்கும்.

ஆனால் நீளவாக்கில் சங்கிலி போட்டு ஆரம்பித்தீர்களானால் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அழுத்தும், அந்தச் சங்கிலிக்கு இழுவை கிடையாது. அகலவாக்கில் ஆரம்பியுங்கள். 17 சங்கிலி, 16 சிங்கிள். இரண்டாவது வரிசையிலிருந்து கண்ணியின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின்பக்க இழையை மட்டும் எடுத்துப் பின்னுங்கள். வரிசை ஏற ஏற மேடு பள்ளமாக வரி விழும், ஸ்வெட்டரின் கைமுனை மாதிரி. அதுதான் இழுவை. நீளம் போதும் என்று தோன்றும் வரை தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம், வரிசையை எண்ண வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பக்கத்தில் எண்ண வேண்டாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இது.

கேள்வி: சிவப்பு ஸ்கிரன்ச்சி துவைத்தபோது சாயம் போய் வெள்ளைச் சட்டை பாழாகிவிட்டது. வினிகரில் ஊற வைத்தால் சாயம் நிற்குமா?

பதில்: பருத்திச் சாயத்துக்கு வினிகரால் பயன் இல்லை. கம்பளி, பட்டுச் சாயங்களுக்குச் சாயம் ஏற்றும்போது அமிலம் உதவும், அந்தக் கதை பருத்திக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னும் முன்பே சோதித்துவிடுங்கள். ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் மடித்து நன்றாக அழுத்துங்கள். நிறம் பட்டால் அந்த நூலைத் தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசிய பிறகு பின்னுங்கள். வெள்ளையோடு சேர்த்து ஒரே பூவில் மட்டும் போடாதீர்கள். தலைமுடியின் எண்ணெய்ப் பிசுக்கு போக வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் போதும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கையால் வடிவம் கொடுத்துப் படுக்கையாகக் காய வையுங்கள். நிஜக் கம்பளி என்றால் வெந்நீர் கூடவே கூடாது, சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

கேள்வி: ஆறு மாதக் குழந்தைக்கு முத்து வைத்த ஹேர்பேண்ட் பின்னலாமா?

பதில்: முத்து வேண்டாம், பொத்தானும் வேண்டாம். அந்த வயதில் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். நூலிலேயே பூ பின்னித் தையுங்கள். பேண்டுக்குள் உங்கள் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

கேள்வி: பின்னிக் கொடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். காசு கேட்டால் "சின்ன ரப்பர் பேண்டுதானே" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அடுத்த தடவை கேட்கிறவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பின்னுங்கள். குரோஷே மாதிரித் தோற்றமளிக்கும் துணி இயந்திரத்தில் வருகிறது, ஆனால் இந்தக் கண்ணியை ஒவ்வொன்றாகக் கைதான் போட வேண்டியிருக்கிறது. நூற்றைம்பது டபுளையும் அவர் பார்க்கட்டும். நான் இதைச் செய்திருக்கிறேன். எண்பதாவது கண்ணியில் அவர் கொட்டாவி விட்டார், நூறாவதில் எவ்வளவு என்று அவரே கேட்டார்.

கேள்வி: ஆன்ட்டி, நாளைக்கு என் ஃபிரண்டுக்குப் பிறந்தநாள். எனக்குச் சங்கிலி மட்டும்தான் போடத் தெரியும். ஒரு மணி நேரத்தில் ஏதாவது செய்ய முடியுமா? (ஆறாம் வகுப்பு)

பதில்: உன் கடிதம் என் கைக்கு வருவதற்குள் அந்தப் பிறந்தநாள் போயிருக்கும். ஆனால் ஃபிரண்டுக்கு அடுத்த வருடமும் பிறந்தநாள் வரும் அல்லவா? அதனால் சொல்கிறேன்.

சங்கிலி தெரிந்தால் போதும். முடிந்தவரை ஒரே அளவாக 120 சங்கிலி போடு, ஏறக்குறைய 60 செ.மீ. வரும். இரண்டு நிறத்தில் இரண்டு கயிறு போட்டு ஒன்றாக முறுக்கு. இரண்டு முனையிலும் எல்லா நூலையும் சேர்த்து ஒரு பெரிய முடிச்சு. முடிச்சுக்குக் கீழே தொங்கும் நூலை இரண்டு விரல் அகலம் விட்டு ஒரே சீராக வெட்டினால் குஞ்சம் ஆகிவிடும். குதிரைவாலில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடலாம், சடையோடு சேர்த்தும் பின்னலாம்.

சங்கிலி ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தளர்ச்சி என்று வந்தால் கவலைப்படாதே, முறுக்கியதும் தெரியாது. நூலை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொள், இழுவை சமமாக வரும். நடுவில் யாராவது கூப்பிட்டால் ஊசியில் இருக்கும் அந்த ஒரு கண்ணியில் ஊக்கைக் குத்திவிட்டுப் போ. என் வீட்டுப் பூனை பாதிக் கயிற்றை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியபோது எண்பத்தேழு சங்கிலியைக் காப்பாற்றியது அந்த ஊக்குதான்.